குரூப்பில் வந்த விளம்பரத்துக்கும் அடுத்தவர் போட்ட கொமென்டுக்கும் அட்மின் பொறுப்பா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டது சரியா என்று முதலில் பாருங்கள். மஸ்கெலியாப் பக்கம் 23,000 பேர் உள்ள ஒரு பேஸ்புக் குரூப்பை நடத்துகிறீர்கள். ஒருவர் 2,500 ரூபாய் தந்து குவைத் வீட்டுவேலை விளம்பரம் ஒன்றைப் போடச் சொன்னார், போட்டீர்கள். அதை நம்பிப் பணம் கட்டிய சிலர் ஏமாந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பொலிஸ் முறைப்பாட்டில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட, வரும் புதன்கிழமை வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் ஒரு தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் கொழுந்து நிறுவையில் கள்ளம் செய்கிறார் என்று யாரோ பெயரும் படமும் போட்டு எழுதிய கொமென்டுக்காக, அவருடைய சட்டத்தரணி உங்களுக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார். "இரண்டையும் நான் எழுதவில்லை. குரூப்பில் வரும் பதிவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று மேலேயே போட்டிருக்கிறேன். அப்படியிருக்க என்னை எப்படிப் பிடிப்பார்கள்?" என்கிறீர்கள்.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. காசு வாங்கிப் போட்ட விளம்பரம் ஒரு விஷயம். யாரோ தானாக வந்து எழுதிய கொமென்ட் வேறு விஷயம். சட்டம் இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. நான் அட்டன் பக்க நீதிமன்றங்களில் இருபது வருடங்களுக்கு மேலாக வழக்குப் பேசுகிறவன். அதிகம் பார்த்தது காணி, தொழில், பண மோசடி வழக்குகள்தான். கடந்த சில வருடங்களாகப் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். உங்களுக்கு வந்த கடிதத்தையும் அந்த விளம்பரத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதைப் பொதுவான வழிகாட்டலாக எடுத்துக்கொண்டு, புதன்கிழமைக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் காட்டுங்கள்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற அந்த வரியை முதலில் முடித்துவிடுகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது உங்களைக் காப்பாற்றாது. இரண்டு பேருக்கு இடையில் ஓர் உடன்பாடு இருந்தால் அதில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த வெளிக்கள உத்தியோகத்தர் உங்கள் குரூப்பில் சேரவும் இல்லை, உங்கள் விதிகளுக்குச் சம்மதம் சொல்லவும் இல்லை. அவருடைய பெயர் கெட்டுப்போனால் கேட்கும் உரிமையை நீங்கள் ஒருதலையாக எழுதிவைத்த வரி எடுத்துவிட முடியாது. ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் "பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள், தவறான பதிவு கண்டால் எங்களுக்கு அறிவியுங்கள், நீக்குவோம்" என்று எழுதி, சொன்னபடி நீக்கியும் வந்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. நீங்கள் கவனமாக நடந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

சரி, அடுத்தவர் எழுதியதற்கு ஒருவர் பொறுப்பாக முடியுமா? முடியும். இது இணையத்தோடு பிறந்த விதியும் இல்லை. 1937 இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு கோல்ப் கிளப்பில் சட்டத்துக்கு மாறாக வைத்திருந்த சூதாட்ட இயந்திரங்களைப் பொலிஸ் எடுத்துப்போனது. காட்டிக்கொடுத்தவர் இன்னார்தான் என்று குத்திக்காட்டும் ஒரு பாட்டை யாரோ தட்டச்சு செய்து கிளப் சுவரில் மாட்டிவிட்டார்கள். எழுதியவர் யாரென்று தெரியாததால், பாதிக்கப்பட்டவர் கிளப்பை நடத்தியவர்கள்மீது வழக்குப் போட்டார். சுவர் உங்கள் கையில் இருக்கிறது, அந்தத் தாளைப் பார்த்தீர்கள், ஒரு நிமிடத்தில் கழற்றியிருக்கலாம், கழற்றாமல் விட்டீர்கள், ஆகவே நீங்களும் அதை வெளியிட்டவர்கள்தான் என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டவர் கடைசியில் தோற்றார், அதற்குக் காரணம் வேறு. ஒரு குற்றத்தைப் பொலிஸுக்குச் சொன்னவர் என்று ஒருவரைச் சொல்வது நல்ல மனிதர் பார்வையில் அவதூறாகாது என்று நீதிபதிகள் நினைத்தார்கள். ஆனால் சுவரைப் பற்றிய அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. நம் தோட்டத்து வாசிகசாலைச் சுவரை நினைத்துப் பாருங்கள். இரவில் யாரோ ஒட்டிய நோட்டீஸுக்கு வாசிகசாலைத் தலைவர் காலையிலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டார். அதைப் பார்த்தபின், "கொஞ்சம் கிழியுங்கள் ஐயா" என்று சம்பந்தப்பட்டவர் வந்து கேட்டபின், ஒரு வாரம் தொங்கவிட்டால் கதை மாறிவிடும். உங்கள் குரூப் 23,000 பேர் கடந்துபோகும் சுவர்.

நம் இலங்கையில் அவதூறு இப்போது சிறைக்குப் போகிற குற்றம் இல்லை. 2002 இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். இதைத் தெரியாமல் "உள்ளே தள்ளுவேன்" என்று மிரட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். மிச்சமிருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கு. அது ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே வழங்கிவரும் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி நடக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒருவரைக் கெடுக்கும் வார்த்தை வெளியிடப்பட்டது என்று காட்டிவிட்டால், கெடுக்கும் எண்ணம் இருந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது எதிராளியின் வேலை. இன்னொன்றும் கவனியுங்கள். சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்கு என்பதையும் காட்ட வேண்டும்.

அட்மின் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதில் உறுதியும் சந்தேகமும் பிரிகிற இடம் இதுதான். இதே ரோமன் டச்சுச் சட்டம் ஓடும் தென்னாபிரிக்காவில், 2013 இல் பிரிட்டோரியா நீதிமன்றம் ஒரு பேஸ்புக் வழக்கைத் தீர்த்தது. ஒரு பெண் எழுதிய அவதூறுப் பதிவுகளில் தன் பெயர் டேக் செய்யப்பட்டிருப்பது தெரிந்தும் அவருடைய கணவர் விலகிக்கொள்ளவில்லை. ஒரு வரிகூட எழுதாத அவரையும் சேர்த்தே 40,000 ரண்ட் கட்டச் சொன்னார்கள். 2021 இல் ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பேஸ்புக் பக்கம் நடத்தும் பத்திரிகை நிறுவனங்கள், தங்கள் செய்திக்குக் கீழே வாசகர் போட்ட கொமென்டுக்கும் வெளியீட்டாளர்கள்தான் என்றது. அது மிகவும் கடுமையாகப் பட்டதால், அங்கே சில மாநிலங்கள் பிறகு சட்டத்தையே திருத்தி ஒரு பாதுகாப்பைச் சேர்த்தன. மறுபக்கம் 2022 இல் கேரள உயர் நீதிமன்றம், உறுப்பினர் போட்டதற்காக வாட்ஸ்அப் அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது, ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அவருக்கு வேறு அதிகாரம் இல்லை என்று விடுவித்தது. முந்தின வருடம் பம்பாய் உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. இந்தத் தீர்ப்புகள் எதுவும் நம் நீதிபதியைக் கட்டாது. ஆனால் சட்டத்தரணிகள் எடுத்து வாசிப்பார்கள், நீதிபதிகளும் கேட்பார்கள்.

கேரளத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது குற்றவியல் வழக்கு, உங்களுக்கு வந்திருப்பது சிவில் கடிதம். மேலும், அட்மினால் பிறர் செய்தியை அழிக்க முடியாது என்பது வாட்ஸ்அப்புக்கு அந்த நேரத்தில் உண்மை. 2022 இலேயே அட்மினும் எல்லோருக்குமாக அழிக்கலாம் என்ற வசதியை வாட்ஸ்அப் கொண்டுவந்துவிட்டது. பேஸ்புக் குரூப்பில் அந்த அதிகாரம் முன்பிருந்தே உண்டு. உங்கள் குரூப்பில் ஒவ்வொரு போஸ்டும் நீங்கள் அனுமதித்தபின்தான் வருகிறது என்றால், "நான் பார்க்கவில்லை" என்று சொல்லவும் வழியில்லை. கொமென்ட் அப்படி அனுமதிக்கு நிற்பதில்லை, அது உங்களுக்குச் சாதகம். ஆகவே இதுவரை அந்தக் கொமென்டை நீங்கள் கவனிக்கவே இல்லை என்றால், கடிதம் வரும்வரைக்குமான காலத்துக்கு உங்களைப் பொறுப்பாக்குவது கடினம் என்றே நினைக்கிறேன். கடிதம் கையில் கிடைத்த பிறகு விட்டுவைத்த ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் ஏறும்.

இன்று இரவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கொமென்டை முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். திகதி, நேரம், எழுதியவரின் கணக்கு, கீழே வந்த பதில்கள் எல்லாம் தெரிய வேண்டும். இணைப்பையும் தனியாகப் பிரதி பண்ணி வையுங்கள். பிறகு அதை நீக்குங்கள். நீக்கியது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாது. கடிதத்துக்குப் பதிலை உங்கள் சட்டத்தரணி மூலம் அதில் சொன்ன தவணைக்குள் அனுப்புங்கள். எழுதியவரின் பெயரைத் தரச் சொல்லிக் கேட்டிருந்தால், கடிதம் கேட்டதற்காக மட்டும் நீங்கள் கொடுக்கக் கட்டாயம் இல்லை. நீதிமன்றம் கேட்டால் அது வேறு. எது செய்தாலும் கடிதத்தைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டு "பாருங்கள் எங்களை மிரட்டுகிறார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் அது உங்கள் சொந்த வார்த்தை. அடுத்தவர் போட்டது என்று சொல்ல இடமிருக்காது.

இங்கே ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்கு முக்கியம். நிறுவையில் குறைக்கிறார்கள் என்பது நம் மலையில் நேற்று முளைத்த குறை கிடையாது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக்கணக்கில் கழிப்பதை, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்த பெண்கள் இப்போதுதான் போனில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கடிதத்துக்குப் பயந்து அந்தப் பேச்சு முழுவதையும் நீங்கள் அழித்துவிடக் கூடாது. "எங்கள் டிவிஷனில் இன்றைக்கு மூன்று கிலோ குறைத்தார்கள், தராசைக் காட்டக் கேட்டோம், காட்டவில்லை" என்று ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்வது ஒன்று. ஒருவருடைய படத்தைப் போட்டு "இவன் திருடன்" என்பது இன்னொன்று. முதலாவதை இருக்க விடுங்கள். நடந்ததைத் திகதியோடு எழுதச் சொல்லுங்கள், தொழிற்சங்கத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் அதே விஷயத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். உரிய அதிகாரியிடம் நல்ல நோக்கத்தோடு செய்த முறைப்பாட்டுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகம். 23,000 பேர் முன்னால் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

அடுத்தது விளம்பரம். உண்மையில் எனக்குக் கவலை இதில்தான் கூட. சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். போன் நனையாமல் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அதைச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தார். திறந்து காட்டினார். விமானப் படம், சிவப்பு எழுத்தில் "டிக்கட் இலவசம்", கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அதன் மேலே, அதைப் போட்ட குரூப்காரர் சேர்த்த ஒரு வரி: "நம்பிக்கையான இடம், தாராளமாகப் பேசலாம்." மகளின் தோட்டை அடகு வைத்து ஒன்றரை இலட்சம் கட்டிய வங்கிச் சிட்டும் அதே பைக்குள் மடித்து இருந்தது. விளம்பரத்தில் அனுமதிப்பத்திர இலக்கம் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை, விலாசம் இல்லை. நான் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, எதை நம்பி அம்மா கட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் விமானத்தைக் காட்டவில்லை, இலக்கத்தைக் காட்டவில்லை. அந்த "நம்பிக்கையான இடம்" என்ற வரியில் விரலை வைத்தார்.

சட்டத்தின் நிலை இது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். உரிமம் உள்ள முகவரும் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகத்தின் முன் அனுமதி வாங்க வேண்டும். லயத்துக்கு லயம் போய் ஆள் பிடிக்கும் உப முகவர்கள் பலர் இந்த இரண்டும் இல்லாதவர்கள். இனி உங்கள் பங்கு. மோசடிக்கு உடந்தை என்று ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், அவர் தூண்டியிருக்க வேண்டும், அல்லது சேர்ந்து சதி செய்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். 2,500 ரூபாய்க்கு ஒரு படத்தைப் போட்டது மட்டும்தான் நடந்தது, மோசடி என்று தெரியாது என்றால், உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இலகு இல்லை. பொலிஸ் உங்களைச் சாட்சியாகப் பார்க்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் மூன்று விஷயங்களில் ஒன்று நடந்திருந்தாலும் நிலைமை மாறும். சேரும் ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று கொமிஷன் பேசியிருந்தால், நீங்கள் விளம்பரக்காரர் இல்லை, உப முகவர் என்பார்கள். ஏமாந்தோம் என்று முதல் ஆள் எழுதிய பிறகும் விளம்பரத்தை விட்டுவைத்திருந்தால், அல்லது அந்த ஆளின் கொமென்டை நீக்கிவிட்டு விளம்பரத்தை மட்டும் வைத்திருந்தால், "தெரியாது" என்பது அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது. மூன்றாவது, உங்கள் சொந்த உத்தரவாதத்தைச் சேர்த்திருந்தால். அந்த அம்மாவின் போனில் இருந்ததுபோல.

குற்றவியல் பக்கம் தப்பினாலும் சிவில் பக்கம் இருக்கிறது. கவனக்குறைவால் ஒருவருக்குப் பண நட்டம் வந்தால் அதைக் கேட்க ரோமன் டச்சுச் சட்டத்தில் வழியுண்டு. காசு வாங்கி விளம்பரம் போடுகிறவர், அதைப் பார்க்கிற முன்பின் தெரியாத ஒவ்வொருவருக்காகவும் விசாரித்துப் பார்க்கக் கடமைப்பட்டவரா என்பது சந்தேகமான இடம். வெறும் பண நட்டத்துக்கு நீதிமன்றங்கள் நிதானமாகவே கதவைத் திறக்கும். "நாங்கள் விசாரித்தோம், நம்பலாம்" என்று எழுதியிருந்தால் அந்தக் கடமையை நீங்களே தலையில் தூக்கிக்கொண்டீர்கள் என்று நான் வாதாடுவேன், ஏமாந்தவர் பக்கம் நான் நின்றால். பேஸ்புக்குக்குக் காசு கட்டி, இன்னும் கூடுதல் பேருக்குக் காட்டும்படி பூஸ்ட் பண்ணியிருந்தால் அதுவும் அந்தப் பக்கமே சாயும். சுவரில் ஒட்ட இடம் கொடுத்தவரும் நோட்டீஸைக் கட்டுக்கட்டாக எடுத்துப்போய் வீடு வீடாகப் போட்டவரும் ஒன்றாக மாட்டார்கள்.

இனிமேல் வரும் விளம்பரங்களுக்காகச் சில வார்த்தை. சாமான் விற்கிறவர் பொய் சொன்னால் முதலில் அகப்படுவது அவர்தான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30, 31 ஆம் பிரிவுகள் ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான கூற்றையும் தடுக்கின்றன. ஏமாந்தவர் 1977 க்கு அழைக்கலாம். ஆனால் சில விளம்பரங்களில் போட்டவரும் நேரே மாட்டுவார். ஆளைச் சேர்த்தால் ஆளுக்குக் காசு என்ற பிரமிட் திட்டத்தை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடை செய்கிறது. நடத்துவது, ஊக்குவிப்பது, விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் அது ஒரே வரிசையில் வைத்துத்தான் பேசுகிறது. பெருந்தோட்டப் பக்கம் சேமலாப நிதிக் காசு கையில் வந்த வயதானவர்களைத் தேடி இந்த ஆட்கள் வருகிறார்கள், எத்தனை ஆயிரம் தந்தாலும் தொடாதீர்கள். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் எந்த விளம்பரமும் கூடாது, 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் அதை முற்றாகத் தடுத்துவிட்டது. நகரத்தில் புதிதாகத் திறக்கிற மதுக்கடையின் "ஸ்பெஷல் ஒஃபர்" போஸ்டும் அதில் அடங்கும். மருந்து விளம்பரத்துக்குத் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். ஒரே வாரத்தில் சீனி வியாதி மறையும் என்று வருகிறவர்களிடம் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் மறுபடி வரமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் திகனையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கண்டி மாவட்டத்தில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை வந்தது, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நாடு முழுக்கச் சில நாட்கள் முடங்கின. தங்கள் தளம் அந்த வெறுப்புக்குப் பயன்பட்டதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. இன, மத வெறுப்பைத் தூண்டும் பதிவுக்கு 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஐசிசிபிஆர் சட்டம் என்பார்கள். பத்து வருடம்வரை சிறை. பிணையை நீதவான் கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும். அந்தச் சட்டத்தைத் தேவையில்லாத இடத்தில் பாவித்த சம்பவங்களும் உண்டு, அது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் மூன்று இனத்தவரும் ஒரே பஸ்ஸில் ஏறுகிற நம் ஊர்களில், இந்த வகைப் பதிவைக் கண்டால் யோசிக்காமல் எடுங்கள். வேறு எந்தப் பதிவுக்கும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன்.

இணையப் பதிவுகளுக்காக வந்த 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றியும் பலர் பயமுறுத்துவார்கள். 2024 பெப்ரவரி 1 இல் சபாநாயகர் கையொப்பமிட்ட சட்டம் அது. ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு, தடை செய்யப்பட்ட கூற்றுகள் என்ற பட்டியல், அகற்றச் சொல்லி அறிவித்தல் வந்தால் 24 மணித்தியாலத் தவணை என்று அது போகிறது. பொய்க் கூற்று என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் வரைவிலக்கணத்தில், சொன்னவருக்கே அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது இருக்கிறது. நல்லெண்ணத்தில் சொன்ன அபிப்பிராயம் அதில் சேராது. சட்டம் நிறைவேறிய நாளிலிருந்தே அதைத் திருத்த வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. எனவே இதை நீங்கள் எப்போது வாசித்தாலும் அன்றைய நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த இரண்டு பிரச்சினைக்கும் இந்தச் சட்டம் அவ்வளவாகத் தேவைப்படாது. பழைய சட்டங்களே போதும்.

இனி புதன்கிழமை. கூப்பிட்டால் போங்கள், ஒளியாதீர்கள், முடிந்தால் சட்டத்தரணியோடு போங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். விளம்பரம் இன்னும் குரூப்பில் இருந்தால், பிரதி எடுத்துவிட்டு இப்போதே நீக்கி, "இந்த இலக்கத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், கட்டியவர்கள் பொலிஸுக்கும் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்" என்று ஒரு போஸ்ட் போடுங்கள். முகவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அழித்த பிறகு, தெரியாமல் போட்டேன் என்பதற்கு அவர்களிடமே சாட்சி இருக்காது.

வாக்குமூலத்தை நம் பக்கப் பொலிஸ் நிலையங்களில் அநேகமாகச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். 1987 இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். எழுத ஆளில்லை என்றால், எழுதியதை வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, விளங்கிய பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "விளம்பரம் போட்டேன்" என்று நீங்கள் சொன்னது "ஆள் சேர்த்தேன்" என்று தாளில் ஏறிவிட்டால், அதைப் பிறகு மாற்ற நாங்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்த 2,500 ரூபாய் எந்த வழியால் வந்தது என்று தேடிப் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு வந்திருந்தால் அனுப்பியவரின் கணக்கு விவரம் உங்கள் வங்கிக்கூற்றில் இருக்கும். அதை அச்செடுத்து, அந்த ஆளின் தொலைபேசி இலக்கம், அவர் அனுப்பிய குரல் பதிவுகள், படம் எல்லாவற்றையும் சேர்த்து அதிகாரியிடம் கொடுத்து, கொடுத்ததாக வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். பணம் கட்டியவர்கள் கையில் பெரும்பாலும் அணைத்து வைத்த ஓர் இலக்கம் மட்டும்தான் இருக்கும். என்னிடம் வந்த அம்மாவின் முறைப்பாடு நகராமல் நிற்பது அதனால்தான். விளம்பரத்தைப் போட்டவர் இன்றுவரை முன்வந்து, யார் தந்தது என்று சொல்லவில்லை.